பல்லக்காவும் கண்டக்டர் ரீலும்

பல்லக்காவுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. தூண்டில் கம்பை ஒருநாளும் கையில் எடுத்து வீசியதில்லை. யாராவது பெரிய மீனைத் தூக்கிக்கொண்டு வந்து பெருமையாகக் காட்டினால், முதல் வேலையாக அதன் வாயைப் பிளந்து பார்ப்பாள். "கீழ்வரிசை பரவால்ல. மேல்வரிசைதான் சரியில்ல" என்பாள். இருபத்திரண்டு வருடமாகப் பல் ஆஸ்பத்திரியில் கருவி கழுவுகிறவளுக்கு உலகம் அப்படித்தான் தெரியும்.

அங்கே இரண்டு டாக்டர்கள். பல்லைப் பிடுங்குவது அவர்கள் வேலை. பிடுங்கிய இடுக்கியையும் சுரண்டிய கொக்கியையும் கழுவி, துடைத்து, நீராவிப் பெட்டிக்குள் அடுக்கி, கைபடாமல் எடுத்து வைப்பது அவள் வேலை. ஒருமுறை சின்ன டாக்டர் கை கழுவாமல் தட்டைத் தொட்டுவிட்டார். வாயைத் திறந்தபடி நோயாளி படுத்திருக்க, அவருக்கு அங்கேயே அர்ச்சனை நடந்தது. அன்றிலிருந்து அவர் அந்த அறைக்குள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வருவார்.

கல்யாணமான முதல் வருடம் அவளுக்குத் தூண்டில் நூல் சுற்றுகிற ரீல் அறிமுகமானது. கணவர் பஸ் டிரைவர். வாரம் ஆறு நாள் பஸ், ஏழாவது நாள் கடல். ஞாயிறு காலையில் அலைத்தடுப்புச் சுவரில் போய் உட்கார்ந்து தூண்டில் போடுவார். திரும்பி வந்ததும் கம்பையும் ரீலையும் குளியலறைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டுக் கட்டையைப் போல் சாய்ந்துவிடுவார். ஒரு ஞாயிறு அவள் சும்மா இருக்க மாட்டாமல் அந்த ரீலின் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தாள். கரகரவென்றது. திருப்புளியை எடுத்துத் திறந்தாள். உள்ளே பற்சக்கரங்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக உப்பு, பித்தளையில் பச்சைக் களிம்பு, மேலே பழுப்பேறிய எண்ணெய். பத்து வருடம் பல் துலக்காதவன் வாயைத் திறந்து காட்டியதுபோல் இருந்தது. "ஐயோ பாவம்" என்று வாய்விட்டே சொன்னாள். கணவரிடம் ஒருநாளும் காட்டாத இரக்கம் அது.

அப்போதிலிருந்து ஞாயிறு மதியம் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசை அறுவைசிகிச்சை மேசை. வெள்ளைத் துண்டு விரிப்பாள். முதலில் டிராக்கை இறுக்குவாள். மீன் இழுக்கும்போது நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிற திருகு அது. தளர்ந்திருந்தால் கழுவுகிற தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். பிறகு குழாயை மெல்லத் திறந்து, நூல் போல ஒழுகும் நல்ல தண்ணீரில் ரீலைக் காட்டுவாள். கைக்குழந்தையின் தலையை நனைக்கிற பதம். துடைத்து, காயவைத்து, சுழல்கிற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய், பல்லோடு பல் உரசுகிற இடத்தில் மெல்லப் பூசிய கிரீஸ். கடைசியில் இறுக்கிய டிராக்கைத் தளர்த்தி விடுவாள். காதோரம் வைத்துக் கைப்பிடியைச் சுற்றுவாள். சத்தமே வரக்கூடாது. வராவிட்டால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், டிரைவர் அந்தச் சிரிப்புக்காகவே வெறுங்கையோடு திரும்புகிற ஞாயிறுகளிலும் ரீலை ஒருமுறை கடலில் நனைத்து எடுத்து வருவார்.

டிரைவரோடு தவறாமல் கடலுக்குப் போகிற இன்னொருவன் அவளுடைய தம்பி. ஆறு வயது இளையவன். பள்ளிக்கூட நாளில் அவனுக்குத் தலை துவட்டியது, பல் விளக்கிவிட்டது எல்லாம் இவள்தான். வளர்ந்து, இரண்டு தெரு தள்ளி ஒரு வாட்டர் சர்வீஸ் வைத்தான். கார், வேன், லாரி எதுவானாலும் நுரை அடித்து, பிரஷர் கன்னால் பீய்ச்சிப் பளபளவென்று அனுப்புவான். அந்தக் கன் கையில் இருந்தால் அவனுக்கு ராஜா என்று நினைப்பு. செருப்பு, வாளி, வாசல், ஒருமுறை முழித்துக்கொண்டிருந்த பூனை என்று எல்லாவற்றையும் அதால்தான் கழுவினான். பூனை இடம் மாறிப் போய்விட்டது.

வினை அந்தக் கன்னால் வந்தது. ஒரு ஞாயிறு பல்லக்கா காய்ச்சலில் படுத்துவிட்டாள். அக்காவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று தம்பி அவள் வீட்டில் சேர்ந்திருந்த நாலு ரீலையும் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போனான். நுரை அடித்தான். அடித்த கையோடு கன்னை முழு வேகத்தில் வைத்துப் பீய்ச்சினான். ஆரஞ்சு வாசனையோடு நாலும் பளபளத்தன. வெளியே ஒட்டிக்கொண்டு, நல்ல தண்ணீர் பட்டால் கரைந்து போயிருக்க வேண்டிய உப்பு அவ்வளவும் பியரிங்குக்குள் போய் அடைந்தது. பத்தாம் நாள் நாலும் மிக்ஸியில் கல் விழுந்ததுபோல் கத்தின.

"இத வெச்சு உன் பல்லத் தேய்ப்பியாடா?" என்றாள் பல்லக்கா.

"லாரியே கழுவுறவன் நான். இத்தனூண்டு ரீலக் கழுவத் தெரியாதா எனக்கு?"

"தெரியாது! உனக்குக் கழுவவே தெரியாது!"

வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறவனைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அவன் முகம் சுண்டிப் போனது. "சரி. இனிமே அந்த நாலு ரீலும்தான் உனக்குத் தம்பி" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தான்.

பதினாலு மாதம் ஓடிவிட்டது. இருவருக்கும் பேச ஆசை. இருவருக்கும் வீம்பு. யார் முதலில் பேசுகிறார்களோ அவர்கள் தோற்றார்கள் என்று இருவரும் தனித்தனியே முடிவு கட்டியிருந்தார்கள். பல்லக்கா ஆஸ்பத்திரிக்கு வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். சுற்றிப் போனாலும் முனையில் நின்று, கடை திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

சண்டை நடந்து ஒரு மாதம் கழித்து டிரைவர் கடலிலிருந்து இரண்டு ரீலோடு வந்தார். "ஒண்ணு எங்க கண்டக்டரோடது. அவருக்கும் கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடு" என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு. பொய் சொல்லும்போது அவருக்குக் கூரையில் ஏதாவது வேலை இருக்கும்.

பல்லக்கா ரீலைக் கையில் வாங்கினாள். கைப்பிடியின் ரப்பர் குமிழில் பல் தடம். முன்பல் இரண்டும் லேசாக விலகிய கடி. கொக்கி முடிச்சுப் போடும்போது கையில் இருப்பதை வாயில் கவ்விக்கொள்கிற பழக்கம் யாருக்கு உண்டு, அந்த விலகல் யாருடைய வாயில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? பென்சிலைக் கடித்ததற்காகவே அவனை எத்தனை முறை அடித்திருக்கிறாள். அந்த ரீலை மட்டும் இரண்டு தடவை துடைத்தாள்.

"உங்க கண்டக்டர்கிட்ட சொல்லுங்க, கைப்பிடியக் கடிச்சா பல்லு தேஞ்சிடும்னு" என்றாள்.

பிறகு ஞாயிறு தவறாமல் கண்டக்டர் ரீல் வந்தது. சேதியும் போய் வந்தது. கண்டக்டருக்கு இருமல் நின்றுவிட்டதா என்று இவள் கேட்பாள். அந்த அக்கா வெயிலில் சுற்றுவழியாக நடக்கிறார்களாமே, குடை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்று கண்டக்டர் சொல்லி அனுப்புவார். நடுவில் மாட்டிய டிரைவருக்கு எது யாரிடம் சொல்ல வேண்டியது என்பதே குழம்பிவிட்டது. ஒருநாள் பஸ்ஸில் நிஜக் கண்டக்டரிடமே போய், "கைப்பிடியக் கடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். நிஜக் கண்டக்டர் ஆஜானுபாகுவான ஒரு அம்மாள். கடலைப் படத்தில் பார்த்தாலே தலைசுற்றும். அவர் பஸ் கைப்பிடியையும் டிரைவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பின்பக்கமே நின்றுகொண்டார்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிறு கண்டக்டர் ரீல் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

"உங்க கண்டக்டருக்கு என்ன ஆச்சு?"

டிரைவர் கூரையைப் பார்த்தார். "அவரு கொஞ்ச நாளா மீன் பிடிக்க வரல."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எதையோ பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் கிட்டப் போனா மூடிக்கிறாரு."

பல்லக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரே தட்டை மூன்று தடவை கழுவினாள். இத்தனை நாள் அந்த ரீல் ஒன்றுதான் இருவருக்கும் இருந்த பாலம். அதுவும் நின்றுவிட்டால் தம்பி ஒரேயடியாகக் கைவிட்டுப் போய்விடுவான் என்ற பயம் அவளைப் பிடித்து ஆட்டியது. மூன்றாவது ஞாயிறு மதியம் கணவரின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. வண்டி கழுவப் போவது பேசப் போவதாகாது என்று கணக்குப் போட்டு, வெயிலில் இரண்டு தெரு தள்ளிக்கொண்டே போனாள்.

கடை நடுவில் ஒரு கார், தலை முதல் கால் வரை நுரையோடு நின்றது. அதன் சொந்தக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தம்பி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்து எதையோ மறைத்தான்.

பல்லக்கா பேப்பர்காரரிடம் போனாள். "சார், இந்த ஸ்கூட்டரக் கழுவணும்னு சொல்லுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். கடைக்காரன் நாலடி தூரத்தில் நின்றிருந்தான். "ஸ்கூட்டரக் கழுவணுமாம்" என்றார்.

"சுத்தமாத்தானே இருக்குன்னு சொல்லுங்க சார்" என்றான் தம்பி.

"சுத்தமா இருக்காம்மா."

"கழுவத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அழுக்கு தெரியும்னு..." என்று ஆரம்பித்தவள், அவன் காலுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மல்லாக்கப் போட்ட சக்கர மூடி. அதற்குள் ஒரு ரீல் அக்கு வேறு ஆணி வேறாகக் கிடந்தது. பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு குழாய். அதிலிருந்து நூல் போலத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பிரஷர் கன் அதற்கு எட்டாத தூரத்தில் ஆணியில் மாட்டிக் கிடந்தது.

"இது என்னன்னு கேளுங்க சார்."

தம்பி தரையைப் பார்த்தான். "மாமா பையில ஒளிச்சு ஒளிச்சுக் குடுத்து அனுப்ப வெட்கமா இருந்துச்சுன்னு சொல்லுங்க சார். ஒரே ஒரு தடவ நானே ஒழுங்காக் கழுவி, அக்கா காதுல வெச்சுச் சுத்திக் காட்டிட்டு, அப்புறம் மன்னிப்புக் கேக்கலாம்னு இருந்தேன். பிரிச்சிட்டேன். மாட்டத் தெரியல."

பேப்பர்காரர் கொஞ்சம் யோசித்தார். "வெட்கமாம்மா. மாட்டத் தெரியலையாம்."

பல்லக்கா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். சுத்தமாகத்தான் கழுவியிருந்தான், அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் கலங்கியது. ஒரு பக்கமாக மட்டும் சுற்ற வேண்டிய பியரிங்கை எடுத்தபோதுதான் கலக்கம் போய்க் கோபம் வந்தது. உள்ளே கிரீஸ் பொங்கி வழிந்தது.

"இதுல யாராவது கிரீஸ் அடைப்பாங்களான்னு கேளுங்க சார்! இது காய்ஞ்சு இருந்தாத்தான் பிடிக்கும். இப்ப கைப்பிடி ரெண்டு பக்கமும் சுத்தும், மீன் இவனக் கடலுக்குள்ள இழுத்துட்டுப் போயிடும்!"

"வீல் பியரிங்குக்கு அப்படித்தான் அடைப்போம்னு சொல்லுங்க சார்."

"வீல் பியரிங்காம்" என்றார் பேப்பர்காரர். பேப்பரை மடித்து வைத்துவிட்டு நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். காரில் நுரை காய்ந்து திட்டுத் திட்டாகிக்கொண்டிருந்தது.

கிரீஸைத் துடைத்தாள். சக்கரங்களைப் பொருத்தினாள். மூடியைப் போட்டாள். மிச்சமிருந்தது நூலைத் தாங்குகிற வளைகம்பி. அதை மடக்கி நிமிர்த்துகிற ஸ்பிரிங், அரிசி நீளம்கூட இருக்காது. அதை அழுத்திப் பிடித்தபடியே மேல்தகட்டை வைத்து ஆணி முடுக்க வேண்டும். வீட்டில் ஆஸ்பத்திரியின் பழைய இடுக்கி பிடித்துக்கொள்ளும். இங்கே இருந்ததெல்லாம் லாரிக்கான ஸ்பேனர். ஒரு கையில் ரீல், மறுகையில் திருப்புளி, ஸ்பிரிங்கைப் பிடிக்க விரல் இல்லை. அது துள்ளப் பார்த்தது.

"டேய், பிடிடா!" என்றாள் பல்லக்கா.

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. தம்பிக்கும் உறைத்தது. ஓடிவந்து முட்டி போட்டுத் தடித்த விரலால் ஸ்பிரிங்கை அழுத்தினான். அவன் மூக்கு அவள் மூக்குக்குப் பக்கத்தில் இருந்தது. "அக்கா, நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தான்.

"வாயத் திறக்காத. மூச்சு விட்டாக்கூடப் பறந்துடும்."

"வாயத் திறக்கக் கூடாதாம்" என்றார் பேப்பர்காரர்.

அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள். "நீங்க சும்மா இருங்க சார்!"

ஸ்பிரிங் பறந்தது. டிங் என்று எங்கோ பட்டுக் காருக்கு அடியில் போய்விட்டது.

"உன்னாலதான்டா!"

"நீதான்க்கா முதல்ல திரும்புன!"

"நான் திரும்புனா நீயும் திரும்பணுமா?"

இருவரும் இரண்டு பக்கத்திலிருந்து காருக்கு அடியில் தவழ்ந்து நுழைந்தார்கள். தவழ்ந்துகொண்டே தம்பி பேசினான். இருமல் நின்றதைச் சொன்னான், பூனை திரும்பி வந்ததைச் சொன்னான், பதினாலு மாதமாகச் சோறு இறங்கவில்லை என்று கூசாமல் புளுகினான். பல்லக்கா "ம்... ம்..." கொட்டிக்கொண்டே தரையைத் தடவினாள். முன்சக்கரத்தை ஒட்டி, ஈரத்தில், ஸ்பிரிங் மினுங்கியது. சத்தம் காட்டாமல் அதை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இங்க இல்லடா" என்றாள். "அந்தப் பக்கம் இன்னும் நல்லாத் தேடு."