ஜெயம் தண்ணீர் ஊற்றாத இடம்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், நாலுவழிச் சாலையின் நட்டநடுவே ஓடும் அரளி வரிசையில் ஒரு பகுதி ஜெயத்தின் பொறுப்பில் இருந்தது. தண்ணி லாரி முன்னால் ஊர்ந்து போகும். புடவைக்கு மேல் ஆரஞ்சு நிற மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, லாரியின் வாலில் தொங்கும் பைப்பைப் பிடித்தபடி அவள் பின்னாலேயே நடப்பாள். டோல்கேட்டில் வசூலாகும் பணத்தில்தான் குழி அடைப்பது, கோடு போடுவது, செடி வளர்ப்பது எல்லாம் நடக்கிறது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேஸ்திரி குமரேசன் சொல்லியிருந்தார். அதிலிருந்து பஸ் டோல்கேட்டைத் தாண்டும்போதெல்லாம் ஜெயத்துக்குக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

"பாரு, எனக்குச் சம்பளம் குடுக்கறதுக்கு எம்மாம் பேரு வரிசைல நிக்கறாங்க" என்பாள் புருஷன் சவுரிராயனிடம்.

"அப்டியே எறங்கி ஆளுக்கொரு கும்புடு போட்டுட்டு வா" என்பான் அவன்.

அவர்கள் குடியிருந்த காலனி சாலைக்குக் கிழக்கே. கூலிக்குப் போகிற நிலங்கள், ரேஷன் கடை, மாதா கோயில் எல்லாம் மேற்கே. முறையாக அந்தப் பக்கம் போகவேண்டுமானால் மேம்பாலம் வரைக்கும் நடந்து, அதன் அடியில் புகுந்து, அதே தூரம் திரும்பி நடக்கவேண்டும். தலையில் சுமையோடு யார் நடப்பார்கள்? அரளி வரிசையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் செடியை மிதித்து ஜனங்கள் வழி பண்ணிக்கொண்டார்கள். ஒவ்வொரு மழைக்கும், சாலையைப் பராமரிக்கும் கம்பெனி அங்கே புதுக்கன்று வைக்கச் சொல்லும். ஜெயமே குழி தோண்டி வைப்பாள். ஆனால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வருகிறவள், அந்த இடம் வந்ததும் பைப்பை லேசாகத் தூக்கி அடுத்த புதருக்குக் கொண்டுபோய்விடுவாள். பங்குனி வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

லாரி டிரைவர் தென்னரசு கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பான். "யக்கா, அந்த எடம் வந்தா மட்டும் உனுக்குக் கை சுளுக்கிக்குதே, இன்னா மாயம்?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு. ஜல்தி."

மற்ற செடிகளுக்கு அவள் குறை வைத்ததில்லை. எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தில் கண் கூசாமல் இருக்கத்தான் அரளி. ஆளுயரம் வளரவேண்டும், அடர்ந்து நிற்கவேண்டும். அந்த வழிக்கு இரண்டு பக்கமும் இருந்த புதர்கள் மற்றவற்றைவிடக் கூடுதலாகவே செழித்திருந்தன. கன்றுக்குப் போகாத தண்ணீரும் அவற்றுக்குத்தானே போனது.

மல்லாட்டை பிடுங்குகிற நாளில், சவுரிராயன் கூலியாக வாங்கிய கடலைச் செடிக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மேற்கிலிருந்து வந்தான். பாதிச் சாலையைத் தாண்டி, அரளிக்கு நடுவில் நின்று மூச்சு வாங்கினான் என்று பின்னால் வந்த அவன் தங்கை அன்புச்செல்வி சொன்னாள். காலை எடுத்து வெளியே வைத்ததுதான். கார் தூக்கி எறிந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பொழுது சாயும்போது உயிர் போனது.

காரை ஓட்டி வந்தவன் குடித்திருக்கவில்லை, ஓடிப்போகவும் இல்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து நின்று, "செடிக்குப் பின்னால ஆளு நிக்கறது தெரியவே இல்லம்மா. செடிதாம்மா தெரிஞ்சிது" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான். அவனைத் திட்டுவதற்காக வாயைத் திறந்த ஜெயம் திறந்தபடியே நின்றாள்.

கல்லறையில் சிலுவை நட்ட பிறகு வேலைக்கு வந்தாள். அந்த இடத்தில் தண்ணீர் குளமாகத் தேங்கும்வரை பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தென்னரசு லாரியை நிறுத்தினான். அந்த முறை கன்று பிழைத்தது.

காலனிக்கு அவள்மேல் கோபம். "ஊட்டுக்காரன் போய்ட்டான்னு ஊருக்கே வழிய அடைக்கிறா" என்று குழாயடியில் அவள் காதுபடவே பேசினார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த இடத்தில் இன்னொருத்தர் சாகக் கூடாது.

சாலையைப் பார்வையிட என்ஜினியர் ஆனந்தராஜ் வந்தபோது அவரிடமே போய்க் கேட்டாள். "சார், டோல்கேட்ல இம்மாம் பணம் வருது. இங்க ரோட்டுக்கு அடியில ஒரு வழி போட்டுக் குடுக்கக் கூடாதுங்களா?"

அவர் எரிந்து விழவில்லை. "நீங்க கேக்கறது நியாயந்தாம்மா. ஆனா எங்க கைக்கு வர்றது இருக்கற ரோட்டப் பராமரிக்கறதுக்கான பணம். சுரங்கப்பாதைன்னா புது வேலை. அதுக்குத் தனியா மேலேர்ந்து உத்தரவு வரணும். எழுதியிருக்கோம்." அவள் யார் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தாரோ என்னவோ, "இந்தப் பக்கம் செடியெல்லாம் அருமையா வளத்திருக்கீங்க" என்றார்.

ஜெயம் தலையை ஆட்டினாள்.

கன்று முழங்கால் உயரம் வந்திருந்த ஒரு மத்தியானம், அன்புச்செல்வி விறகுச் சுமையோடு வந்து செடிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அண்ணி, நவுரு."

"பாலத்தாண்ட சுத்திக்கினு போ, செல்வி."

"நீ தூக்கிக்கினு வர்றியா? முட்டி கழண்டுக்குது எனக்கு."

"உங்க அண்ணன் இங்கதான்..."

"எனக்குத் தெரியாதா? நான்தான பின்னால வந்தேன்?" அன்புச்செல்வியின் குரல் உடைந்தது. "அவன் செத்த எடத்த மிதிச்சிக்கினு போய்தான் தெனம் சோறு துன்றேன். நீ வழிய மூடிட்டா வயிறு மூடிக்குமா?"

கன்றின்மேல் காலை வைத்துத் தாண்டினாள். தண்டு முறிந்தது. புதர் ஓரத்தில் நின்று, சுமையோடு கழுத்தைத் திருப்ப முடியாமல், வண்டிச் சத்தத்தைக் காதால் கேட்டுப் பார்த்தாள். பிறகு ஓடினாள். அவள் அந்தக் கரை ஏறிய பிறகுதான் ஜெயத்துக்கு மூச்சு வந்தது.

பைப்பைக் கீழே போட்டாள். லாரியில் கிடந்த வெட்டுக்கத்தியை எடுத்துவந்து, பக்கத்துப் புதரின் அடியில் ஓங்கி வெட்டினாள்.

"யக்கா! இன்னா பண்றே? பூத்துக்கினு இருக்கற செடிய! மேஸ்திரி பாத்தா வேலய வுட்டே தூக்கிடுவாரு!"

"தூக்கட்டும்."

அரளிப்பால் கையில் வழிந்தது. இந்தப் பக்கத்துப் புதர்கள் சாய்ந்ததும் அந்தப் பக்கம் போனாள். தென்னரசு கொஞ்ச நேரம் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு வெட்டிய கொம்புகளை இழுத்து ஓரமாகப் போட ஆரம்பித்தான்.

குமரேசன் வந்து பார்த்தார். வரிசையில் வாய் பிளந்ததுபோல் ஓர் இடைவெளி. "என்னால ஒண்ணும் பண்ண முடியாது ஜெயம். கம்பெனிக்குப் போட்டோ போயாவணும்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் மேல்சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகத் திரும்பியவள், சவுரிராயன் நின்ற இடத்தில் நின்று திண்டிவனம் பக்கம் பார்த்தாள். மறைப்பு ஏதும் இல்லை. வெகு தூரத்தில் ஒரு வெள்ளைக் கார் புள்ளியாகத் தெரிந்தது. அது பெரிதாகி, கண்ணாடி தெரிந்து, உள்ளே இருப்பவரின் முகம் தெரிந்து, அவளைக் கடந்துபோக அவ்வளவு நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் ஒரு மனுஷன் தலைச்சுமையை இறக்கி வைக்கலாம். வியர்வையைத் துடைக்கலாம். வண்டி போகட்டும் என்று நின்று, பின்னால் வருகிற தங்கச்சியோடு ஒரு வார்த்தை பேசலாம்.

அடுத்த கார் வந்தது. அதையும் அவள் கடைசிவரைக்கும் பார்த்தாள்.