எச்சில் கைக்கென்றே ஒரு கிளாஸ்

இன்று மத்தியானம், பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்...

(முதலில் கொஞ்சம் பின்னணி. நான் புத்தகங்களின் முன்னுரையைக்கூட விடாமல் வாசிக்கிற ஆள், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பள்ளிக்கூடப் பரிமாற்றத்தில் ஜேர்மனியின் பிராங்க்ஃபுர்ட்டிலிருந்து வந்த லேனா ஒரு கிழமையாக எங்களோடு தங்கியிருக்கிறாள்.

வந்த அன்றே அம்மாவுக்கு நான்கு கிளாஸ் கொடுத்தாள். அவளுடைய ஊரில் அப்பிள் வைன் குடிக்கிற கிளாஸ். வெளிப்பக்கம் முழுக்கக் குறுக்கும் மறுக்குமாக வெட்டிய வரிகள், சின்னச் சின்ன வைரக் கட்டங்கள்.

அம்மா அவற்றைத் துடைத்து, ஷோகேஸில் நான் பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்தியவீட்டுப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

ஆனால் லேனாவுக்கு அது எப்படித் தெரியும்?

"உன் அம்மாவுக்கு அவை பிடிக்கவில்லையா?" என்று நேற்று மெதுவாகக் கேட்டாள். நாளை அவளுக்கு ரயில். அந்த நினைப்போடு அவள் போகக் கூடாது.

அந்தக் கிளாஸ்களை எடுத்துப் பாவிப்போம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"விசரே உனக்கு? உடைஞ்சால் ஜேர்மனிக்குப் போயே வாங்கிறது?"

இன்று புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். லேனா தானும் கையால்தான் சாப்பிடுவேன் என்றாள். நன்றாகவே சாப்பிட்டாள், தண்ணீர் விடாய்க்கும் வரை.

குழம்புக் கையால் சில்வர் கப்பைத் தூக்கினாள். வழுக்கியது. தண்ணீர் முழுக்க அப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையில்.

"பறவாயில்லைப் பிள்ளை, கறி உறைப்புத்தான்," என்றார் அப்பா.

அம்மாவின் ஏச்சு எனக்கு. "கிளாஸை இடது கையாலை தூக்கோணும் எண்டு சொல்லிக் குடுக்கேல்லையே நீ?"

நான் அதைச் சொன்னதும் லேனா முகம் சிவந்து, ஷோகேஸைக் காட்டினாள். "எங்கள் ஊரிலும் இறைச்சியைக் கையால் சாப்பிட்டார்கள். கொழுப்புக் கையில் வழுக்காமல் இருக்கத்தான் அந்த வரிகள்."

"என்னவாம்?"

நான் தமிழில் சொன்னேன்.

"எச்சில் கையாலையோ கிளாஸைப் பிடிக்கிறது? அப்ப மற்றக் கை என்னத்துக்கு?"

"மற்றக் கையிலை இறைச்சியோடை கடிக்கப் பாண் இருந்திருக்கும்," என்றார் அப்பா.

அம்மா எழும்பினார். இடது கையால் ஷோகேஸைத் திறந்து நான்கு கிளாஸையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். என்னை அப்பிள் ஜூஸ் ஊற்றச் சொன்னார்.

பிறகு தன் வலது கையைப் பார்த்தார். குழம்பும் புட்டும் ஒட்டிய கை. அப்படிப்பட்ட கையால் கிளாஸைத் தொட்டதற்காக நான் சின்ன வயதில் வாங்காத ஏச்சில்லை.

அதே கையால் அம்மா கிளாஸைத் தூக்கினார். ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். குடித்தார்.

"வழுக்கேல்லைத்தான்."

லேனா சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவள் தன் கிளாஸைத் தூக்கினாள்.

மிகக் கவனமாக, இடது கையால்!

இப்போது நான் குசினியில், ஒரு பழைய பல் பிரஷோடு, அந்த வைரக் கட்டங்களுக்குள் புகுந்த குழம்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிராங்க்ஃபுர்ட்காரர்களே, இதற்கும் ஏதாவது கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்களா?