திங்கட்கிழமை கேஸ் வரும் என்று நான் சொன்னது

என் மகளுக்கு என்ன வேலை என்று கேட்டால் "பேசுற வேலை" என்பேன். கேலியில்லை, பெருமையாகத்தான் சொல்வேன். நான் முப்பது வருசம் மலையில் கொழுந்து பறித்தவள்; இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அவளோ, நாடுகளுக்கே கடன் கொடுக்கிற வெளிநாட்டு வங்கியில் இருந்தாள். பிறகு நம்ம தூதரகத்தில் இருந்துகொண்டு, எங்கள் தேயிலையை வாங்கு, வரியைக் குறை என்று மற்ற நாட்டுக்காரரோடு பேசினாள். கடைசியில் கொழும்பில், அரசாங்கத்துக்கே யோசனை சொல்கிற பதவிக் கதிரை. குண்டசாலை என்ற ஊரில் எனக்கு வீடு கட்டித் தந்ததும் அந்தப் பேச்சுதான்.

தட்டுப்பாட்டு வருசத்தில் அந்தப் பெருமையே பயமாகிப் போனது. வாங்கின கடனைக் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தது. பெற்றோல் இல்லை, சமையல் கேஸ் இல்லை, பால்மா இல்லை. டீவியில் அமைச்சருக்குப் பக்கத்தில் என் மகள் முகம். வரிசையில் ஜனங்கள் பெரிய ஆட்களைத் திட்டும்போது, நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். அரசியல்காரர் வீடுகள் எரிந்ததையும் அதே டீவியில் பார்த்தவள்தானே நான்.

கடன் கொடுத்தவர்களோடு பேச வெளிநாடு போவதற்கு முந்தின ஞாயிறு, அவள் என்னைப் பார்க்க வந்தாள். அரசாங்கக் கார் ரோட்டிலேயே நின்றது. உள்ளே விடச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

பத்து மணி இருக்கும். கேட்டில் சத்தம். திரையை விலக்கினால் இருபது பேர், வெறும் சிலிண்டர்களோடு. தேயிலைத் தோட்டத்தில் ஸ்ட்ரைக் நேரம், தோட்டத்தை நடத்துகிற தொரையின் பங்களாவுக்குப் போக எங்களுக்கு ஒரு முறை இருந்தது. பேசப் போனால் பொம்பளைகள் முன்னால், உடைக்கப் போனால் ஆம்பளைகள் முன்னால். இவர்கள் கலந்து நின்றார்கள். எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"பின்கதவால போயிரு புள்ள."

"என்னப் பாக்கத்தானம்மா வந்திருக்காங்க. ஓடினா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இல்லாட்டிப் போகுது. உசிரு இருக்கும்ல."

சிரித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

பின் சந்தில் தையல் தைக்கிற சிங்களப் பெண் முன்னுக்கு வந்தாள். அவள் மகளுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள்.

"மேடம், கேஸ் எப்ப வரும்? நீங்கதானே அவங்களோட பேசுறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

மகள் வாயைத் திறப்பதற்குள் ஒருவன் கார் பானட்டில் ஓங்கி அடித்தான். அந்தச் சத்தத்தில் என் வாய் தானாகச் சிங்களத்தில் பேசியது. "திங்கக்கிழமை வரும்! என் மகதான் சொன்னா!"

தொரைமார் எங்களை அப்படித்தான் அனுப்பிவைப்பார்கள். ஒரு நாளைச் சொன்னால் போதும், நாங்கள் எங்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பிவிடுவோம். இவர்களும் கலைந்தார்கள். தையல்காரி என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

"எந்தத் திங்கக்கிழமைம்மா?" என்று கேட்டாள் மகள்.

"ஏதோ ஒரு திங்கக்கிழமை."

"தெரியாதத தெரியும்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல. பச்சப்புள்ளக்கி சுடுதண்ணி வைக்க அவ இத நம்பிக்கிட்டு இருப்பாம்மா."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நாற்சந்திக்கு நடந்தாள். "வேணாம் புள்ள, வேணாம்" என்று நான் முழங்கால் வலியோடு பின்னால் ஓடினேன். கலைந்து போனவர்கள் கடைவாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா பயத்துல சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை வராது. எப்ப வரும்னு எனக்கும் தெரியாது. விறகு கிடைச்சா சேத்து வச்சுக்குங்க" என்று அவர்கள் பாஷையிலேயே சொன்னாள்.

பானட்டில் அடித்தவன் சிலிண்டரை எட்டி உதைத்தான். அது உருண்டு வந்து என் மகளின் காலடியில் நின்றது. அவள் நகரவில்லை.

தையல்காரி என் முகத்தைப் பார்க்கவேயில்லை. பக்கத்தில் நின்றவளிடம், "விறகு எங்க வாங்கலாம்?" என்றாள். யாரோ ஒரு மர ஆலையைச் சொன்னார்கள். அங்கே மரத்தூள்தான் இருக்கும் என்றான் உதைத்தவன். பேச்சு அப்படியே விறகுக்குப் போய்விட்டது.

திரும்பி வரும்போது மகளின் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. நடுக்கமென்றால் அப்படி ஒரு நடுக்கம்.

"கடன் குடுத்த அந்தப் பெரிய ஆளுங்களோட பேசும்போதும் இப்படித்தானா?"

"எப்பவும்தாம்மா. கைய மேசைக்குக் கீழ வச்சுக்குவேன்."

வீடு வரும்வரை அந்தக் கையை நான் விடவில்லை.