ஐந்தாம் மாடியோடு நின்ற ஜோக்

எங்கள் தெரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் அக்கா, செத்த கணவனின் பக்கத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள் என்று ஒரு பேச்சு உலவியது. சொன்னவர்களில் ஒருவரும் நேரில் பார்த்ததில்லை. அதனால்தான் அத்தனை விவரமாகச் சொன்னார்கள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடையில் அவளுக்கு ‘சிமெண்ட்’ என்று பெயர். மீதிச் சில்லறை கொடுப்பாளே தவிர, சிரிப்பைக் கொடுத்ததில்லை. போய் அவளிடமே கேட்டேன்.

“ஆமா, சிரிச்சேன். அதுக்கும் பில் வேணுமா?” என்றாள். பிறகு சரக்கு அறையில் எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குச் சிறுநீர் கட்டுப்படவில்லை. இருமினால், தும்மினால், மாவு மூட்டையைத் தூக்கினால் கசிந்துவிடும். எல்லாவற்றையும்விடச் சிரிப்புதான் மோசம். அது சொல்லிக்கொண்டா வருகிறது? சிரிப்பையே விட்டுவிட்டாள்.

வாய்த்த கணவனோ ஊரைச் சிரிக்க வைக்கிறவன். ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினான். கீழே கதவைச் சாத்தும்போது தொடங்கும் ஜோக்கை ஒன்பதாம் மாடியில்தான் முடிப்பான். நடுவில் இறங்குகிறவர்களிடம், “மீதி வேணும்னா புரமோஷன் வாங்கிட்டு மேல வாங்க சார்” என்பான்.

எதையும் முதலில் வீட்டில்தான் சொல்லிப் பார்ப்பான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பாதியிலேயே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

“ஏன்டி, அவ்வளவு மட்டமாவா இருக்கு?”

“ம்.”

“உண்மையைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே அக்கா?” என்றேன்.

“என்னன்னு? உங்க ஜோக்கு நல்லாருக்கு, அதான் நனைஞ்சிட்டேன்னா? மறுநாளே அது லிஃப்டுல ஒன்பது மாடியும் ஏறியிருக்கும்.”

கடைசியில் ஒரு பெண் டாக்டரிடம் போனாள். செயற்கை வலைநாடா வைத்துத் தாங்கலாம், அவள் வயிற்றுத் தசையின் உறையிலிருந்தே ஒரு பட்டை எடுத்துத் தொட்டில்போலக் கட்டலாம், இல்லையென்றால் சிறுநீர்க்குழாயைச் சுற்றி ஊசியால் ஜெல் ஏற்றி வழியை ஒடுக்கலாம் என்றார் டாக்டர். “ஜெல்லு சின்ன வேலைதாம்மா. ஆனா நாளாக ஆகத் தளரலாம். மறுபடி போட வேண்டியிருக்கும்.” லீவு கிடைக்காதவள் ஜெல்லையே கேட்டாள்.

பலித்தது. தும்மிப் பார்த்தாள். மூட்டையைத் தூக்கிப் பார்த்தாள். சிரிப்பை மட்டும் கணவனுக்கென்று எடுத்து வைத்தாள். அவனோ வீட்டில் ஜோக் சொல்வதை எப்போதோ நிறுத்தியிருந்தான்.

“ஏதாவது சொல்லுங்களேன்,” என்றாள் ஒரு மாலை.

“உனக்கா? வேணாம் விடு. அங்கயே சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது.”

“இன்னொரு தடவ கேட்டிருக்கலாம். புதுப் பொண்ணாட்டம் கூச்சமா இருந்தது,” என்றாள் என்னிடம். அந்த மாதமே மாரடைப்பு அவனைக் கொண்டுபோனது.

துக்கம் கேட்க வந்த, அந்த அலுவலகக் கட்டடத்தின் ஐந்தாம் மாடிக் கணக்கருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. “நேத்துகூட ஒண்ணு சொன்னாரும்மா,” என்று ஆரம்பித்துவிட்டார். “ஒருத்தன் பல் டாக்டர்கிட்ட போனானாம். பல்லு வலிக்குது, ஆனா எதுன்னு சொல்ல மாட்டேன், நீங்கதானே படிச்சவர், கண்டுபிடிங்கன்னானாம். டாக்டரும் ரோஷக்காரர்…”

அவள் சிரித்தாள். அடக்காமல், ஓடாமல் சிரித்தாள். ஒரு சொட்டுக் கசியவில்லை.

“எங்கண்ணன் கிடக்கிற கிடப்புல கெக்கெக்கேன்னு சிரிக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?” என்று நாத்தனார் பாய்ந்தாள். அதற்குள் சிரிப்பு அழுகையாகியிருந்தது. ஊருக்குள் பரவக் கிளம்பிய செய்தி அந்த அழுகைவரை காத்திருக்கவில்லை.

அழுகைக்கு நடுவே அவள் கேட்டாள்: “அப்புறம் என்னாச்சு சார்?”

கணக்கர் தலைகுனிந்தார். “நான் அஞ்சாம் மாடிலயே இறங்கிட்டேம்மா. மேல போனவங்ககிட்ட கேட்டு வந்து கட்டாயம் சொல்றேன்.”

அவர் அக்கா வேலை செய்யும் கடைக்குத்தான் சாமான் வாங்க வருகிறார். போன வாரமும் வந்தார். அக்காவின் மேசை முன்னால் வரிசையே இல்லை, அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு, கூட்டம் நெருக்கும் பக்கத்து வரிசையின் வாலில் போய் நின்றார்.