மாமாவுக்கு நான் சொன்ன கேம்

எங்கள் வகுப்பில் கணக்குக் கேட்க ஒருத்தியிடம் போவார்கள், கட்டுரை கேட்க இன்னொருத்தியிடம் போவார்கள். ஜப்பான் கேம் கேட்க என்னிடம் வருவார்கள். கையில் பிடித்து விளையாடும் சின்னக் கருவியில், நாலைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து ஊர் ஊராக நடந்து, பூதங்களோடு முறைவைத்துச் சண்டை பிடித்து, கடைசியில் உலகத்தையே காப்பாற்றும் கதை கேம்களைத்தான் சொல்கிறேன். அழ ஆசைப்படுபவளுக்கு எது, பொறுமை இல்லாதவனுக்கு எது என்று ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பத்து வயதில் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சம் அல்ல.

அந்தப் பெருமைக்கெல்லாம் காரணம் மாமா, அம்மாவின் தம்பி. திருகோணமலை டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருந்தார். யாரோ உடைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பி வராத ஒரு கருவியைத் திருத்தி, அதற்குள் கேம்களையும் ஏற்றி எனக்குத் தந்தவர் அவர்தான். ஆனால் அவர் ஒருநாளும் விளையாடியதில்லை. "உதை உத்துப் பார்த்தா எனக்குத் தலை இடிக்கும்" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு பின்னேரம் பாலையூற்றில் எங்கள் வீட்டுக்கு வந்து, எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மருமகள், கன நாள் வேற வேலை இல்லாம ஓரிடத்தில சும்மா இருக்கிறவருக்கு எந்தக் கேம் நல்லம்?"

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எப்படிப்பட்ட கேம் வேண்டும் என்று டாக்டர் மாதிரி விசாரித்தேன்.

"நீளமா இருக்கவேணும். சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு விளையாட ஏலவேணும். ஆடுற இடத்தில இருந்து பார்த்தாலும் வயித்தைப் பிரட்டக் கூடாது."

"கொழும்பு பஸ்ஸிலயோ மாமா?"

"ஓம், பஸ்ஸிலதான்."

பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். நான் கவனிக்கவில்லை. எனக்கு என் யோசனை. ஒரு நாட்டில் மழை நின்றுபோக, நாலு பேர் அது எங்கே போனது என்று தேடிப் புறப்படும் கேமைச் சொன்னேன். நான் அதை முடிக்க ஒரு தவணை விடுமுறை முழுவதும் போனது. சண்டையில் எதிரிகூட நாம் பொத்தானை அமத்தும்வரை பொறுமையாக நிற்பான், ஆகவே தலை சுற்றாது. மாமாவுக்கு அது பிடித்துக்கொண்டது. கருவியை இரவல் கேட்டார். பழைய போன் பற்றறிகளை ஒன்றாகக் கட்டி, கன நாள் சார்ஜ் நிற்க ஒரு பொதியும் செய்து வைத்திருந்தார்.

"நான் விளையாடிச் சேர்த்து வச்ச என்ட சேவ்வை மட்டும் அழிச்சுப்போடாதீங்கோ" என்றேன்.

"அழிக்கமாட்டன். முடிச்சுப்போட்டு வந்து உன்னோட இருந்து கதைக்கிறன்."

அடுத்த கிழமை மாமா போய்விட்டார். கொழும்புக்கு என்றுதான் எனக்குச் சொன்னார்கள். ஒரு மீன்பிடிப் படகில் கன சனத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் அம்மா சொன்னார். அந்தப் படகு எந்தக் கரையிலாவது சேர்ந்தது என்று இன்றுவரை ஒரு சேதியும் இல்லை.

மாமி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். மாமாவும் அவரும் கலியாணம் முடித்து அதிக காலம் ஆகவில்லை. வந்து உட்காருவார். "ஏதும் அறிஞ்சியோ?" என்று அம்மா கேட்பார். மாமி இல்லை என்று தலையை ஆட்டுவார். தேத்தண்ணி அப்படியே ஆறிப்போகும். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தக் கேம் சரியான நீளம் மாமி. அதை முடிக்காம மாமா மற்ற வேலை ஒண்டும் பார்க்கமாட்டார்."

அம்மா கையை ஓங்கிவிட்டார். மாமிதான் தடுத்தார்.

"விடுங்கோ மச்சாள், அவள் சொல்லட்டும். இப்ப எந்த இடத்தில நிப்பார், பிள்ளை?"

நான் கணக்குப் போட்டு, பனிமலை அடிவாரத்துக்கு வந்திருப்பார் என்றேன். அதன்பிறகு ஒவ்வொரு கிழமையும் மாமாவை ஒரு ஊர் முன்னுக்கு நகர்த்தினேன். எனக்கு ஒரு நல்ல மாணவி கிடைத்த பெருமை. அங்கே சாப்பாடு கிடைக்குமோ என்று மாமி கேட்பார். சத்திரத்தில் ஒருக்கால் படுத்தெழும்பினால் எல்லாக் காயமும் ஆறிவிடும் என்று நான் சொன்னபோது, "அப்ப படுக்கச் சொல்லு" என்றார். கேட்டுக்கொண்டிருந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு கதையில் கப்பல் வந்தது. புயலைக் கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். மாமியின் முகம் வெளிறிப்போனது.

"தரை வழி ஒண்டும் இல்லையோ?"

"இல்லை மாமி, கப்பல்ல ஏறினாத்தான் கதை நகரும். பயப்படாதீங்கோ, அதில ஒருத்தரும் சாகமாட்டினம். எல்லாரும் கரைக்கு வந்திருவினம்."

"அதை இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன். அடுத்த கிழமையும் அதையே கேட்டார். எனக்கு அலுத்துவிட்டது.

எவ்வளவு இழுத்தாலும் கதைக்கு ஒரு முடிவு உண்டே. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டில் மழை பெய்துவிட்டது, நாலு பேரும் நனைந்துகொண்டே ஊர் திரும்பிவிட்டார்கள்.

"இப்ப மாமா முடிச்சிருப்பார். இனி வாறது மட்டும்தான் வேலை" என்றேன்.

மாமி கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"இல்லை பிள்ளை. அவருக்கு இது பழக்கமில்லாத விளையாட்டு. எங்கயோ பிழை விட்டிருப்பார். திரும்பவும் முதல்ல இருந்து தொடங்கியிருப்பார். நீ முதல்ல இருந்து சொல்லு."

எனக்குச் சரியான கோபம் வந்தது. சேவ் பண்ணியிருந்தால் பிழை விட்டாலும் யாரும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்தே போகலாம். எத்தனை கிழமையாகச் சொல்லிக்கொடுக்கிறேன், இந்த மாமிக்கு ஒன்றுமே விளங்கவில்லையே என்று நினைத்தேன்.