முன்னால் விழப் பழகுதல்

"படியில எறங்கவே செவத்தப் புடிக்கிற. நீ எங்கடி ஓடப் போற?" என்றார் சித்தி. பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஓட்டப் பயிற்சிக்கு நான் பெயர் கொடுத்ததை வீட்டில் சொன்ன அன்று.

அவர் சொன்னது பொய்யில்லை. ஏழு வயதில், மஹய்யாவவில் எங்கள் வீட்டுக்கு இறங்கும் படிகளில் தண்ணீர் வாளியோடு முகம் குப்புற விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டவள் நான். உடம்பு முன்னால் சரிந்தால் இன்றும் கை தானாகப் பிடிமானம் தேடும். ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பயம் என்று ஒப்புக்கொள்வேனா? "பாருங்களேன்" என்றேன்.

பீடத்து அணியில் ஐயாயிரம் மீற்றர் ஓட்டத்துக்கு ஓர் இடம்தான் இருந்தது. அதற்கு நாங்கள் மூன்று பேர்.

பயிற்றுவிப்பாளர் சிங்களத்தில்தான் பேசுவார். நான் மைதானத்தைச் சுற்றி வரும்போதெல்லாம் "இஸ்ஸரஹட்ட பர வென்ன" என்று கத்துவார். இஸ்ஸரஹ என்றால் முன்னால், பர என்றால் பாரம். கடைத்தெருச் சிங்களம் எனக்குத் தெரியும், யாரிடமும் கேட்கவில்லை. பாரத்தை முன்னால் போடச் சொல்கிறார் என்று எண்ணி, இடுப்பில் மடிந்து, தரையைப் பார்த்தபடி காலை ஓங்கி ஓங்கி வைத்தேன். அவர் இன்னும் பலமாகக் கத்தினார். நான் இன்னும் ஓங்கி வைத்தேன். இரண்டு வாரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது.

ஒரு மாலை என் அறைத்தோழி மைதானத்துக்கு வந்தாள். கடுகண்ணாவையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை; சிங்களம் சரளமாக வரும்.

"கீழ என்ன தேடுற? தோடு விழுந்திட்டா?" என்று கேட்டவள், நேரே பயிற்றுவிப்பாளரிடம் போய் விசாரித்துவிட்டு வந்தாள். "அடியே, அவர் பாரம் போடச் சொல்லல்ல. சாயச் சொல்றார். கணுக்கால்ல இருந்து தலை வரைக்கும் ஒரே கோடா நில்லு. அப்புடியே முன்னுக்கு விழு. கால் தன்னால வந்து தாங்கும்."

"வராட்டி?"

"வராட்டி நான் சிரிப்பேன்."

பத்துத் தடவை நின்று பார்த்தேன். பத்துத் தடவையும், சாய்வதற்கு முன்பே இடுப்பு மடங்கிவிட்டது. சொல் புரியாததால்தான் குனிந்து ஓடினேன் என்று அதற்குமேல் என்னால் நினைக்க முடியவில்லை. அடுத்த நாட்களில் எப்போதாவது ஒருமுறை சாய வந்தது. உடனே பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொள்வேன்.

அணித் தெரிவு நாளன்று காலை பனிமூட்டம். முந்திய இரவு மழையில் புல் நனைந்திருந்தது. கோட்டில் நின்றபோது விரல்கள் விறைத்திருந்தன. வழுக்கினால் எல்லோர் முன்னாலும் முகம் குப்புறத்தான். மற்ற இருவரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. அவர்கள் பார்க்கவில்லை.

விசில் ஒலித்தது. இடுப்பை மடக்காமல், கண்ணைத் தூரத்து மரங்களில் வைத்து, விழுந்தேன். அதற்குள் வலது கால் முன்னால் போய் ஊன்றியிருந்தது.