வாயில் போன அதிமதுரம்

நாங்கள் குடியிருக்கும் ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டி, சீன மருத்துவ அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். பழைய மருந்துக்கடை மாதிரி அடுக்கியிருந்த இழுப்பறைகளில் ஒன்று திறந்திருந்தது.

"நம்ம ஊர் அதிமதுரம்டி இது" என்ற என் கணவர், ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். தொடக்கூடாது என்ற பலகை அவர் மூக்குக்கு நேரே இருந்தது.

பூச்சி அரிக்காமலிருக்க அதற்கு மருந்து அடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே ஊழியப் பெண் ஓடி வந்தார். விஷ முறிவு உதவி எண்ணுக்கு போன் செய்து, அவர்கள் சொன்னபடி வாயைக் கொப்பளிக்க வைத்து, இரண்டு மணி நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

காரில் ஏறியதும், "டேஸ்ட் பண்ணி கன்ஃபர்ம் பண்ணிட்டேன், அதிமதுரமேதான்" என்றார்.

இப்போதெல்லாம் எந்த அருங்காட்சியகம் போனாலும், வாசலிலேயே அவர் வாயில் ஒரு துண்டு அதிமதுரத்தைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன்.